என்ன கலர் சட்டை?

தும்பியின் இறக்கையில் வெயில் பட்டது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு செல்போனை அருகே கொண்டுபோனாள். இந்த முறை அது பறக்கவில்லை. படம் கச்சிதமாக விழுந்தது.

"ஏனுங், இங்க வந்து பாருங்க" என்று திரும்பினாள்.

பின்னால் கணவர் இல்லை.

ஆவாரம் புதருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வேப்பமரத்தடியில் பார்த்தாள். குளக்கரை நெடுக ஆட்கள் குனிந்தும் அண்ணாந்தும் நின்றிருந்தார்கள். கோயம்புத்தூர்க் குளங்களில் அன்றைக்குக் கணக்கெடுப்பு. பறவையோ பூச்சியோ புல்லோ, கண்ணில் பட்டதைப் படமெடுத்துப் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். காலாற நடந்தால் அவருக்கும் நல்லது என்றுதான் கூட்டிவந்தாள்.

அந்தக் கூட்டத்தில் அவர் இல்லை.

அவள் கண் தண்ணீருக்குப் போனது. ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடந்தது. தெரியாதவர்களுக்கு அது தரைதான்.



கணக்கெடுப்பை நடத்தும் கோகிலவாணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். "என்னாச்சுங்கக்கா?"

"எங்க வீட்டுக்காரரக் காணமுங்க."

"இங்கதான் எங்காச்சும் இருப்பாருங்க. போன் அடிச்சுப் பாருங்க."

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சொல்லிச் சொல்லிப் பழகிய அந்தப் பொய் நாக்கு நுனிக்கு வந்தது. கல்யாண வீடுகளில் அப்படித்தான் சமாளித்தாள். பம்ப் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்தபோதும் அப்படித்தான். மகன் போன் செய்தால் அப்பா குளிக்கிறார், அப்பா தூங்குகிறார்.

மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

"அவருக்கு மறதி நோயுங்க" என்றாள். "பேரு கேட்டாச் சொல்லுவாரு. வீடு எங்கீன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது."

சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் உச்சுக்கொட்டவில்லை.

"என்ன கலர் சட்டைங்க?" என்றாள் கோகிலவாணி.

அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. காலையில் பொத்தான் போட்டுவிட்டதே அவள்தான். தும்பியின் வாலில் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவாள். சட்டை வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"அது போகட்டுங்க" என்றார் இர்ஃபான். மருந்துக்கடை வைத்திருப்பவர். காலையிலிருந்து புல்லை மட்டுமே படமெடுத்துக்கொண்டிருந்தார். "நடை எப்படி இருக்குமுங்க?"

"கையப் பின்னால கட்டிக்குவாரு. எடது காலக் கொஞ்சம் இழுத்து வெப்பாரு."

"வெயில்ல நிப்பாருங்களா, நெழல்லயா?"

"நெழலுங்க. எப்பவும் நெழல்தான்."

அது போதுமாயிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். நாரையைத் தேடிய தொலைநோக்கிகள் மரத்தடி மரத்தடியாகத் திரும்பின.

"அவரு பேரென்னங்க?" கொஞ்சம் தள்ளியிருந்து யாரோ கேட்டார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நாச்சிமுத்து!"

கத்தினாள்.

"நாச்சிமுத்து!"

அந்தப் பெயர் கரையோடு போனது. முன்பின் தெரியாதவர்கள் அதை வாங்கி, அண்ணா என்றும் ஐயா என்றும் சேர்த்து, அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.



அவள் சரிவில் இறங்கினாள். செருப்பு சேற்றில் மாட்டியது. விட்டுவிட்டு இறங்கினாள். ஆகாயத்தாமரை இலை ஒன்று அசைந்தது. தவளை.

"அக்கா!" இர்ஃபான் செல்போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இதப் பாருங்க. சித்த முன்னால எடுத்தது."

படத்தில் கோரைப்புல். அதற்குப் பின்னால், கலங்கலாக, ஒரு முதுகு. முதுகுக்குப் பின்னால் கட்டிய கை.

"எந்த எடமுங்க?"

"மதகு."

ஓடினாள்.

மதகின் கடைசிப் படியில், புங்கமர நிழலில், அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் தண்ணீருக்குள். வேட்டி முட்டிவரை நனைந்திருந்தது. அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மண்நிறத்தில் ஒரு மடையான் கொக்கு, கழுத்தை ஒடுக்கிக்கொண்டு.

அதுவும் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

காலடி கேட்டுத் திரும்பியவர் உதட்டில் விரல் வைத்தார்.

"மெல்ல வா கண்ணு. மீனுக்குக் காத்துட்டிருக்குது."

அவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்தாள். கதகதவென்றிருந்தது. பிடித்த பிடியை விடவில்லை.

பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.  கோகிலவாணி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். ஒருவரும் கேமராவைத் தூக்கவில்லை.

மடையான் சட்டென்று கொத்தியது. வெள்ளியாய் ஏதோ துடித்தது. விழுங்கிவிட்டுக் கிளம்பியது. மண்நிறம் விரிந்து வெள்ளைவெளேரென்று இரண்டு சிறகு.

"பாத்தியா! உள்ள பூராம் வெள்ளை!"

அவர் சிரித்தார். இர்ஃபான் சிரித்தார். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. பறவைக்காக மட்டும் சிரித்த சிரிப்பில்லை அது. அவளும் சிரித்தாள், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

யாரோ வேட்டியைப் பிழிந்துவிட்டார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்கள்.

"அய்யா எங்ககூட வரட்டுங்கக்கா" என்றாள் கோகிலவாணி. "நீங்க மெதுவா வாங்க."

அவரை நடுவில் விட்டு நடந்தார்கள். அவர் மடையானைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். சொன்னதையே திரும்பச் சொன்னார். அவர்கள் திரும்பக் கேட்டார்கள்.

அவள் பின்தங்கினாள். ஒற்றைச் செருப்போடு, கையை வீசிக்கொண்டு. இப்படி நடந்து எவ்வளவு நாளாயிற்று.

செல்போனை எடுத்து மகனை அழைத்தாள்.

"சொல்லும்மா. அப்பா பக்கத்துல இருக்காரா?"

"முன்னால போறாரு" என்றாள். "நந்து, வண்டிச் சத்தம் கேக்குது. ஓரமா நிறுத்து சாமி. அம்மா கொஞ்சம் பேசோணும்."