ரோட்டில் முளைத்த முட்டைக்கோஸ்

"கேத்லீன்! கவுன்சில் ஜீப் வந்துடுச்சு!" டொமினிக் மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடி வந்தான். "ரோட்டுக் குழியில முட்டைக்கோஸ் நடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். எவனோ போன் போட்டு மாட்டி விட்டுட்டான் லா!"

"வரட்டுமே," என்றாள் மனைவி, தேநீரை ஆற்றியபடி.

ரோட்டைச் சரிசெய்யக் கேட்டு, தேயிலைத் தோட்டத்து மக்கள் மூன்று வருடமாகக் கொடுத்த பதினோரு மனுவுக்கு எட்டிப் பார்க்காத கவுன்சில், நேற்று நட்ட முட்டைக்கோஸுக்கு இன்றே வந்து நின்றது.

"அரசாங்க நிலத்துல லைசென்ஸ் இல்லாம விவசாயமா? யார் நட்டது?" அதட்டினார் அதிகாரி அம்புரோஸ்.

கூடி நின்ற லயத்து வீட்டுச் சனம் மொத்தமும் வானத்தைப் பார்த்தது.

"தெரியலையே சார்," என்றாள் கேத்லீன். "ஆள் கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?"

"நாங்களே பயிரைப் பிடுங்கிட்டு, நிலத்தை முன்ன இருந்த மாதிரி ஆக்கிடணும். இருபத்துநாலு மணி நேரத்துல. அதான் சட்டம்!"

"முன்ன இங்க தார் ரோடுல்ல சார் இருந்துச்சு?"

அம்புரோஸ் முட்டைக்கோஸையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் தார் லோரி வந்தது. மாலையில் வழவழவென்ற ரோட்டில் மோட்டார் சைக்கிளை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த டொமினிக்குக்குத் தலைகால் புரியவில்லை.

"போன் போட்டு நம்மள மாட்டிவிட்டவன் மட்டும் கையில கிடைக்கட்டும், கோழி அடிச்சு விருந்து வைக்கிறேன் லா!"

"நாட்டுக்கோழியா பார்த்து அடிங்க," என்றாள் கேத்லீன். "நான் பிராய்லர் தொடமாட்டேன்னு தெரியும்ல?"