சண்டைக்காரிகள்

"இன்னொரு தடவை அடிச்சுக்கிட்டீங்க, ரெண்டு பேருக்கும் இங்க வேலை கிடையாது."

போன ஞாயித்துக்கிழமைதான் கடை முழுக்கக் கேக்கற மாதிரி கத்துனாங்க முதலாளி சொவான் அக்கா.

தாவினும் மாலியாவும் எங்க கடையில பீர் விக்கற பொண்ணுங்க. பச்சைச் சட்டை தாவின் ஒரு கம்பெனி. சிவப்புச் சட்டை மாலியா போட்டிக் கம்பெனி. சொவான் அக்கா அவங்கவங்க கம்பெனிக்கு ஒரு போன் போட்டா போதும், வேலை காலி. தாவினை நம்பி ஊர்ல அம்மாவும் ரெண்டு தம்பிகளும் இருக்காங்க.

நான் மீன் சுடறவ. புனோம்பென்னுக்கு வந்து மூணே வாரம். அதுக்குள்ள நாலு சண்டை பாத்தாச்சு. போயும் போயும் ஒரு குடிகாரனுக்காகவா இப்படி முடியைப் பிடிச்சுக்குவாளுங்க? வெக்கங்கெட்டதுங்கன்னு திட்டுவேன். ஆனா பாக்காம இருக்க முடியாது. அதுல எத்தனை மீன் கருகுச்சோ.

இன்னிக்கு மத்தியானம் காண்டிராக்டர் ரித்தி ஆளுங்களோட வந்தாரு.

"தாவின், பக்கத்துல உக்காந்து ஐஸ் போட்டு ஊத்து."

"நின்னுக்கிட்டே ஊத்தறேன் அண்ணே."

"என்னைப் பாத்தா அண்ணன் மாதிரியா இருக்கு?"

"ஆமால்ல. சித்தப்பா மாதிரி இருக்கீங்க."

மேசையே சிரிச்சுது. அவரும் சிரிச்சுக்கிட்டே அவ இடுப்பை வளைச்சு இழுத்தாரு.

"என்கூட ஒரு கிளாஸ் குடி. இல்லைன்னா இன்னிக்கு நாங்க சிவப்புதான்."

அவ்வளவுதான். எங்கிருந்தோ பாஞ்சு வந்தா மாலியா.

"ஏய் பச்சை, இது என் மேசை. நகருடி."

"உன் பேரை எழுதி ஒட்டியிருக்கா?"

"போன வாரம் அண்ணன் என் பீர்தான் குடிச்சாரு."

"குடிச்சிட்டு வாந்தி எடுத்தாரே, அதையும் சொல்லு."

ரித்திக்கு வாயெல்லாம் பல்லு. தலையைக் கோதி விட்டுக்கிட்டாரு.

"எனக்காகச் சண்டை வேண்டாம். ரெண்டையுமே குடிக்கறேன்."

யாரு கேட்டா? மாலியா தாவினோட சடையைப் பிடிச்சா. தாவின் மாலியாவோட காலரைப் பிடிச்சா. மிளகாய்ச் சாறு கிண்ணம் பறந்து போய் ரித்தியோட வெள்ளைச் சட்டையில விழுந்துச்சு. ஒருத்தி பரம்பரையை ஒருத்தி திட்டிக்கிட்டு ரெண்டும் மேசை மேசையா இடிச்சு, நேரா அடுப்படிக்குள்ள போயிருச்சு. கடையே கை தட்டுச்சு.

கல்லாவுல இருந்து சொவான் அக்கா எந்திரிச்சாங்க. மூஞ்சி கடுகடுன்னு இருந்துச்சு.

போச்சு. சனியன்கள்தான், ஆனாலும் வேலை போகப் போகுதே. விலக்கி விடலாம்னு அக்காவுக்கு முன்னாடி ஓடினேன்.

உள்ள மாலியா முட்டி போட்டு, தாவின் சட்டையில பிஞ்சு போன பட்டன் இடத்துல ஊக்கு குத்திக்கிட்டிருந்தா.

"ரொம்ப அழுத்திட்டானாடி?"

"அவன் கிடக்கறான். நீ இழுத்த சடைதான் வலிக்குது."

ரெண்டும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுதுங்க. எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. என் வாயில நானே ரெண்டு போட்டுக்கணும் போல இருந்துச்சு.

சொவான் அக்கா உள்ள வந்து கதவைச் சாத்தினாங்க. சிரிப்பு நின்னுருச்சு.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அக்கா, இந்த ஒரு தடவை விட்டுருங்க, பாவம்"னு நான் கையைப் பிடிச்சேன்.

என்னை அவங்க திரும்பிக்கூடப் பாக்கல.

"அவன் கை வைக்கறதுக்கு முன்னாடியே சண்டையை ஆரம்பிங்கடின்னு."