இரண்டு கிண்ணம் ஃபோ

கான் தோ சந்தையில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் கடை நடத்தும் தாம் என்பவளின் பழைய சிநேகிதி லூயென், தன் மருமகள் தியெப்போடு வந்து உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, ரெண்டு ஃபோ. ஒண்ணுல மட்டும் மாட்டுக்கறி நல்லா வேகணும். முளைகட்டின பயறையும் கொதிக்க வெச்சுப் போடுங்க,” என்றாள் தியெப்.

தாம் சிரித்தாள். “எத்தனை மாசம்டி?”

“மூணு,” என்று தலையைக் குனிந்துகொண்டாள் தியெப்.

வெந்த கறிக் கிண்ணத்தை மருமகள் முன்னால் வைத்தாள் தாம். பச்சைக்கறியின் மேல் கொதிக்கும் சூப்பை ஊற்றி மாமியாருக்குக் கொடுத்தாள். சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால், கிண்ணங்கள் இடம் மாறியிருந்தன.

தாமுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏண்டி லூயென், மாசமா இருக்கற பொண்ணுகிட்ட அரைவேக்காட்டைத் தள்ளிட்டு நீ வெந்ததைத் தின்னுறியே, நீயெல்லாம் ஒரு மாமியாரா?”

லூயெனின் முகம் சிவந்தது. தியெப் சட்டென்று தாமின் கையைப் பிடித்தாள்.

“மெதுவாப் பேசுங்க பெரியம்மா. இந்த வயசுலயான்னு ஊரே சிரிக்கும்னு வீட்டைவிட்டே வரமாட்டேன்னாங்க. நான்தான் இழுத்துட்டு வந்தேன். மாசமா இருக்கறது அத்தைதான்.”

தாம் உள்ளே போய், நன்றாக வெந்த கறியை இன்னொரு கரண்டி அள்ளிவந்து லூயெனின் கிண்ணத்தில் போட்டாள்.

“நீ சாப்பிடுடி. எவ சிரிக்கிறான்னு நான் பார்த்துக்கறேன்.”