பனியில் மாட்டிய கால்

அவர் கமெராவின் லென்சைத் திருகினார். மங்கலாக இருந்தது தெளிந்தது.

அன்னத்தின் இடது காலில் தூண்டில் நூல். நூலின் மறுமுனை பனிக்குள் உறைந்து கிடந்தது.

மற்ற அன்னங்கள் ஏரியின் நடுவே, உறையாத நீரில், கழுத்தை முதுகில் செருகியபடி மிதந்தன. இது மட்டும் பனித்தட்டின் மேல். எழும்பும். சிறகை விரிக்கும். நூல் இழுக்கும். விழும்.

சற்றுத் தள்ளி ஒரு கழுகு உட்கார்ந்திருந்தது. அதற்கு அவசரம் இல்லை.

மனைவிக்கு இடம் விட்டு விலகினார். சுகிர்தா குனிந்து கமெராவில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து குளிரை வெறுப்பவள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பறவைகளைப் படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஏரிக்கு வரப் பழகினாள். சைபீரியாவிலிருந்து இந்தக் குளிரைத் தேடி வருகுதுகளே, விசர்ப் பறவைகள் என்று சிரிப்பாள்.

இப்போது சிரிக்கவில்லை.

அவர் தீயணைப்பு நிலையத்துக்கு போன் பண்ணினார். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகத்தான் சொன்னார். பனி மெல்லியது. ஒரு பறவைக்காக ஆட்களை இறக்க முடியாது. நீங்களும் இறங்க வேண்டாம்.

அதைச் சொல்வதற்காகத் திரும்பினார்.

அவள் அங்கே இல்லை.

தோடம்பழம் வெட்டக் கொண்டுவந்த கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, பனியில் குப்புறப் படுத்து நகர்ந்துகொண்டிருந்தாள்.

கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

ஒரு காலை எடுத்து வைத்தார். பனி உடைந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது. அவர் பாரமான மனிதர். இறங்கினால் அவளையும் சேர்த்து மூழ்கடிப்பார்.

கரைக்கு ஏறினார். கமெராவில் கண்ணை வைத்தார்.

அதில் அவள் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தாள்.

அன்னம் சிறகால் அவள் முகத்தில் அடித்தது. மூக்கிலிருந்து இரத்தம். அவள் கோட்டைக் கழற்றி அதன் தலையை மூடினாள். அது அடங்கியது. நூலை அறுத்தாள். கோட்டை இழுத்தாள்.

அன்னம் தடுமாறி ஓடி, பனி முடிகிற இடத்தில் எழும்பியது.

துணி கிழிவதுபோல ஒரு சத்தம்.

அவளுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அகன்றது. அவளுடைய கோட் தண்ணீரில் போனது.

மறுபடி போன். இந்த முறை வருகிறோம் என்றார்கள். பக்கத்து நகரத்திலிருந்து வரவேண்டும். உங்கள் மனைவியை அசையாமல் படுத்திருக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே இருங்கள். தூங்க விடாதீர்கள்.

"அசையாதையும், சுகிர்தா."

என்ன பேசுவது?

மகள் வீட்டுக்கு வாங்கிய திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசினார். இரவைக்கு இடியப்பம் அவிப்பமா என்று கேட்டார். பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினார். ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" என்றாள்.

பிறகு சிலவற்றுக்கு மட்டும்.

காற்று எழும்பியது. அவளுடைய மெல்லிய சட்டை முதுகில் படபடத்தது. தன் கோட்டைக் கழற்றினார். எறிந்து பார்த்தார். பாதித் தூரம்கூடப் போகவில்லை.

அவள்தான் கேட்டாள். நாக்குத் தடித்திருந்தது.

"அது பறக்கேக்க... படம் எடுத்தனீங்களோ?"

அவர் எடுக்கவில்லை. விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அமுக்கத் தோன்றவில்லை.

"ஓம். நல்ல வடிவா வந்திருக்கு."

"எப்பிடி... சொல்லுங்கோ."

அவள் கன்னத்தைப் பனியில் வைத்தாள்.

சாலையைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

அவர் கமெராவைக் கையில் எடுத்தார். ஒன்றும் இல்லாத திரையைப் பார்த்தபடி, அவளுக்குக் கேட்கும்படி உரத்து, அந்தப் படத்தைச் சொல்லத் தொடங்கினார். சிறகின் நுனியிலிருந்து, ஒவ்வொரு இறகாக.