நீலாம்பாளின் முட்டைப் பாடம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. உரக்கச் சொல்லுத கதை இல்ல இது. ஒரு சைவ வீட்டு மருமக முட்டை வாங்கின கதை.

மருமக பேரு நீலாம்பாள். ரெண்டு பையன்களுக்கு அம்மா. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அவளும் பி.எட். படிக்கப் போனா.

அந்தப் படிப்புல ஒரு கூத்து உண்டு. நிஜப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புததுக்கு முன்னால, கூடப் படிக்கிறவங்களையே எட்டாங்கிளாஸ் பிள்ளைகளா உக்காரவச்சுப் பாடம் நடத்தணும். மீசை வச்ச ஆளும் கையைத் தூக்கி, "டீச்சர், நான் சொல்லுதேன்"ம்பான். கடைசி பெஞ்சுல இருந்து ஜயலக்ஷ்மி மேடம் மார்க் போடுவாங்க.

போன தடவை நீலாம்பாளுக்கு "வணக்கம் பிள்ளைகளா" வரைக்கும்தான் வந்துது. அதுக்கு மேல பாடம் நகரல.

"இன்னொரு தடவை பாக்கேன். அப்பவும் வாய் திறக்கலைன்னா பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன். ஒரு வருஷம் போனது போனதுதான்"னு மேடம் சொல்லிட்டாங்க.

பாடம், அடர்த்தி. முட்டை நல்ல தண்ணியில முங்கும், உப்புத் தண்ணியில மிதக்கும். செஞ்சு காட்டணும்.

அவ வீட்டுல முட்டைங்கிற பேச்சே வாசப்படி தாண்டாது. வண்ணார்பேட்டையில தெரிஞ்ச மூஞ்சி இல்லாத கடையாப் பாத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, ஒரே ஒரு முட்டை வாங்கினா. திருட்டு நகையைப் பதுக்குத மாதிரி ஸ்கூட்டர் டிக்கியில வச்சுப் பூட்டினா.

மறுநாள் மேடம் லீவு. வகுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போச்சு. முட்டை டிக்கியிலேயே கிடந்துது. சித்திரை வெயில்ல அவகூடவே ஊர் சுத்துச்சு. அவ கோயிலுக்குள்ள கும்பிடப் போனா, அது வாசல்ல நின்னு வெந்துது.

அந்த நாளும் வந்துது. மேஜையில ரெண்டு கண்ணாடித் தம்ளர்ல தண்ணி, உப்புப் பொட்டலம், முட்டை எல்லாம் எடுத்து வச்சுட்டு மேடத்தைக் கூப்பிடப் போனா. மேடத்தோட திரும்பி வந்து பாத்தா முட்டையைக் காணோம். தம்ளரைச் சுத்தித் தண்ணி சிந்திக் கிடந்துது.

"முட்டை எங்க?"ன்னு கேட்டா.

முன் பெஞ்சுல கோமதிசங்கர் எழுந்தான். வகுப்புலயே பெரிய வாயாடி. புறங்கையால உதட்டைத் துடைச்சான்.

"பசிச்சுது டீச்சர். உடைச்சுக் குடிச்சுட்டேன்."

"பச்சையாவா?"

"ஆமா டீச்சர். ஜிம்முக்குப் போறேம்லா."

வகுப்பு சிரிச்சுது. நீலாம்பாளுக்கு முதல்ல கண்ணு கலங்குச்சு. அதுக்கப்புறம் வந்துது கோவம். வீட்டுல ரெண்டு பயலுவளை மேய்க்கிற குரல் ஒண்ணு அவகிட்ட உண்டு. அது அதுவரைக்கும் காலேஜ் பக்கம் வந்ததே கிடையாது.

"ஏலே, சவத்து மூதி, நேரா நில்லு. ஒருத்தி பாடம் நடத்தக் கொண்டாந்ததைத் தின்னுட்டு வாயத் தொடைக்கியே, வெக்கம் இருக்கா?"

"வெக்கம் இல்ல டீச்சர். உருளைக்கிழங்குதான் இருக்கு." சட்டைப் பையில இருந்து ஒரு குட்டிக் கிழங்கை எடுத்து நீட்டினான். "இதுவும் முங்கும்லா?"

வெடுக்குன்னு பிடுங்கித் தண்ணியில போட்டா. முங்குச்சு. அடுத்த தம்ளர்ல பொட்டலத்து உப்பு பூராத்தையும் கொட்டினா.

"ரசீத், நீ வந்து கலக்கு. நல்லாக் கலக்குலே, காப்பியா ஆத்துத? ம், இப்பப் போடுதேன். எல்லாரும் பாருங்க, மிதக்குதா?"

"உப்பு கைகொடுத்துத் தூக்குதா டீச்சர்?"ன்னான் கோமதிசங்கர்.

"வாய மூடு. நம்ம ஆத்துல முங்கினா அடிமணல்ல காலு படும். திருச்செந்தூர்க் கடல்ல முங்கு, ஆளையே தூக்கும். ஏன்? ஒரு தம்ளர் ஆத்துத் தண்ணியையும் ஒரு தம்ளர் கடல் தண்ணியையும் நிறுத்துப் பாரு, கடல் தண்ணிதான் கனம். அதுதான் அடர்த்தி. தன்னைவிட அடர்த்தி கூடுன தண்ணியில கிழங்கும் மிதக்கும், ஒன்ன மாதிரி தடியனும் மிதப்பான்."

மணி அடிச்சதே அவளுக்குத் தெரியல.

மேடம் எழுந்து வந்தாங்க. "நீலாம்பாள், திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போறீங்க. கோமதிசங்கர், எட்டாங்கிளாஸ் சேட்டைக்கு எட்டாங்கிளாஸ் தண்டனைதான். 'டீச்சர் முட்டையைத் திருடித் தின்ன மாட்டேன்'னு நாலு பக்கம் எழுதிக் கொண்டா."

"நல்லா வேணும்"னு எல்லாரும் சொன்னாங்க. நீலாம்பாளும் சொன்னா.

மத்தியானம் தம்ளர் கழுவ கேண்டீன் பின்பக்கம் போனா. சுவருக்கு அந்தப் பக்கம் ரசீத் குரல் கேட்டுது.

"ஏலே, முட்டை முழுசால்லா இருக்கு. குடிச்சேன்னியே?"

"இதைக் குடிச்சா இந்நேரம் ஆஸ்பத்திரியில கிடப்பேன்லே. அக்கா வெளிய போனதும் சும்மா தண்ணியில போட்டுப் பாத்தேன். நல்ல தண்ணியிலயே மிதக்கு. அழுகின முட்டை. சைவக்காரவிய, அவியளுக்கு எங்க தெரியும்?"

"பைய, காதோட அவியகிட்டயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அன்னைக்கு மாதிரி வாயடைச்சு நின்னுருப்பாவ. என்னைத் திட்டவாவது வாய் திறக்கட்டும்னு பாத்தேன். கேண்டீனுக்கு ஓடிக் கிழங்கு வாங்கிட்டு வாரதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிட்டு."

நீலாம்பாள் சுவரோரமா எட்டிப் பாத்தா.

கோமதிசங்கர் கைக்குட்டையால மூக்கைக் கட்டிக்கிட்டு, வேப்பமரத்தடியில குழி தோண்டி முட்டையைப் புதைச்சான். மண்ணைத் தள்ளி மிதிச்சான். விரலை மோந்து பாத்து முகத்தைச் சுளிச்சான். அப்புறம் அங்கனயே சம்மணம் போட்டு உக்காந்து, மடியில நோட்டை விரிச்சு, 'டீச்சர் முட்டையைத் திருடித் தின்ன மாட்டேன்'னு முதல் வரியை எழுத ஆரம்பிச்சான்.