விதையில்லாத குழி

ஞாயிற்றுக்கிழமைதோறும் வினோதினி அந்தக் குடியிருப்புக்கு வந்து, டிரான்ஸ்ஃபார்மர் வேலியோரத்து எர்த் குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். மின்சாரம் கசிந்தால் மண்ணுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டிய குழி அது. காய்ந்த மண் இழுக்காது. கசிவு வேலியிலேயே நின்று, தொட்டவரை அடிக்கும். குடியேற்றத்துக்கு முந்தைய சோதனையன்று, மண்ணின் தடையைக் காட்டும் மீட்டர் முள் இறங்க மறுத்தபோது ஒப்பந்தக்காரர் குழியில் உப்பும் தண்ணீரும் கொட்டச் சொன்னார். “இப்பப் பாருங்க மேடம், சமத்தாப் படுத்துருச்சு.” பொறியாளரான அவள் எல்லாம் சரியென்று கையெழுத்துப் போட்டாள். மறுமாதமே ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் ஊற்றிய நீர் அப்படியே மறைந்தது. பார்த்துக்கொண்டிருந்த காவலாளியின் மனைவி லூர்து அன்று கேட்டேவிட்டாள்.

“ஏம்மா வெயில்ல அலையறீங்க? நானே தினம் ஊத்துறேன். என்ன வெதை போட்டிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் முருங்கைங்கறாரு. அந்த மனுஷனுக்கு எதைப் பாத்தாலும் முருங்கைதான்.”

சொல்லிவிடலாமென்று வினோதினி வாயெடுத்தாள். சொன்னால் வேலை போகும், கையெழுத்து வெளியே வரும். அதற்குள் லூர்து ஈரத் துணிகளை உதறி, அந்த இரும்பு வேலியின் மேல் ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கியிருந்தாள்.

வினோதினி திரும்பிப்போய், மூன்றாவது வாளிக்குக் குழாயைத் திறந்தாள்.