மீனுக்கு ஒரு குடை

நான் தேர்வாளராக இருந்த பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் ஒரு நர்ஸ், வேண்டாத உதவி செய்பவரைப் பற்றி, "மீனுக்குக் குடை பிடிக்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னார். மேசையிலிருந்த மூன்று அகராதிகளிலும் அப்படி ஒரு மரபுத்தொடர் இல்லை.

மரபுத்தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்தாலும் பொருள் பிடிபடாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

"இப்படி யாரும் பேசறதில்லைம்மா. ஒரு மார்க் குறைச்சிட்டேன். அதுலதான் ஃபெயில்."

"பாஸானாத்தான் சார் பிரான்ஸ்ல வேலை. வீட்டுக்காரரும் பொண்ணும் அங்க போய் ரெண்டு வருஷமாச்சு."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க டீச்சர். அவங்களுக்கு அவங்க வாத்தியார் சொன்னதாம்."

"சரிபார்க்க மாட்டாங்களா?"

"அவர் சொன்னா தப்பா இருக்காதுன்னுடுவாங்க சார். கோட்டு சார்னு பட்டப்பேராம். வேர்த்துக் கொட்டினாலும் கோட்டைக் கழட்ட மாட்டாராம்."

நான் மெல்ல என் கோட்டைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், பாடம் தயாரிக்காமல் வகுப்புக்குப் போன ஒரு நாளில், சொல்லித்தர வேண்டிய பத்து மரபுத்தொடர்களில் கடைசியானது நினைவுக்கு வராமல் நானே இட்டுக்கட்டியது அது. மறந்தே போயிருந்தேன்.

குறைத்த மார்க்கைத் திரும்பப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், "பிழை தேர்வாளருடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.